நிலுவை ஊதியம் வந்திருக்கிறது: நகையை மீட்பதா, வட்டியை நிறுத்துவதா?

(இணைய மன்றமொன்றின் உரையாடல். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

கரும்பலகை:

அரசு உதவிபெறும் பள்ளியொன்றில் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். என் நியமனத்துக்கான ஒப்புதல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போய், வழக்கு முடிந்து, நிலுவை ஊதியம் மொத்தமாகச் சென்ற வாரம் வங்கிக் கணக்கில் வரவாகியிருக்கிறது. வரியும் பங்களிப்பு ஓய்வூதியப் பிடித்தமும் போகக் கைக்கு வந்தது ₹6,85,000. இந்த ஆண்டில் வரும் என்று வீட்டில் எவரும் நினைக்கவில்லை.

ஊதியம் இல்லாத காலத்தை ஓட்டியது கடனில்தான். 2022இல் மனைவியின் 16 பவுன் நகையைப் பொதுத்துறை வங்கியில் வைத்து வாங்கிய ₹4,20,000 அப்படியே நிற்கிறது. வட்டி ஆண்டுக்கு 9 விழுக்காடு, எட்டு மாத வட்டி இன்னும் கட்டவில்லை. கிரெடிட் கார்டில் ₹1,10,000 நிலுவை. மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையாக ₹5,500 கட்டிவருகிறேன். நிதி நிறுவனமொன்றில் தனிநபர் கடன் ₹2,60,000 பாக்கி, வட்டி 17 விழுக்காடு, மாதத் தவணை ₹9,300. ஊரில் ஒருவரிடம் மூன்று வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய்க்கு, ₹1,50,000. புரோநோட்டும் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை ஒன்றும் அவரிடம் இருக்கின்றன. கடைசியாக, மைத்துனர் கைமாற்றாகக் கொடுத்த ₹2,00,000. அதற்கு வட்டி கிடையாது. அவர் ஒருநாளும் கேட்டதும் இல்லை.

தை மாதத்தில் மனைவியின் அக்காள் மகளுக்குத் திருமணம். அதற்குள் நகையை மீட்டுவிட வேண்டும், மைத்துனருக்கும் கொடுத்துவிட வேண்டும், மற்றவற்றை வழக்கம்போலக் கட்டிக்கொண்டு போகலாம் என்பதே வீட்டில் எல்லாருடைய கருத்தும். எனக்கும் மனம் அந்தப் பக்கமே சாய்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க உட்கார்ந்தால் தயக்கம் வருகிறது. அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பேரேடு:

ஐயா, தயங்குவது சரியே. மொத்தக் கடன் ₹11,40,000. கையிலிருப்பது அதில் பாதிக்குச் சற்று மேல். ஆகவே எதை அடைப்பது என்பதைவிட, எதை அடைக்காமல் விட்டால் மாதந்தோறும் எவ்வளவு போகும் என்று பாருங்கள்.

நகைக் கடன் ₹4,20,000க்கு மாத வட்டி ₹3,150. கார்டுக்கு மாதம் மூன்றரை விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ₹3,850. அந்த வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் ₹4,543. அதாவது நீங்கள் கட்டும் ₹5,500இல் கடனைக் குறைப்பது ₹957 மட்டுமே, அதுவும் அந்த மாதம் கார்டில் புதிதாக எதுவும் வாங்காமல் இருந்தால். முழு நிலுவையையும் தீர்க்காதவரை வட்டியில்லாக் காலம் என்ற சலுகை கிடையாது என்பதால், பால் பாக்கெட்டைக் கார்டில் வாங்கினாலும் அன்றிலிருந்தே வட்டி ஓடும். மூன்று வட்டிக்குக் கொடுத்தவருக்கு மாதம் ₹4,500. கார்டும் மூன்று வட்டியுமாக இந்த இரண்டு கடன்களும் சேர்ந்து ₹2,60,000தான்; ஆனால் அவை மாதம் ₹9,043 விழுங்குகின்றன. உங்கள் வீட்டார் முதலில் அடைக்கச் சொல்லும் ₹4,20,000 அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கேட்கிறது.

வட்டி ஓடுகிற கடன்களில் வங்கி நகைக் கடன்தான் மலிவானது. அதை முதலில் அடைத்துவிட்டு, 36 விழுக்காட்டிலும் 42 விழுக்காட்டிலும் இருப்பதைத் தொடரவிட்டால், ஓராண்டுக்குள் அந்த நகை திரும்பவும் வங்கிக்குப் போகும். நான் கணக்கு எழுதிக் கொடுக்கும் குடும்பங்களில் இது வாடிக்கையாக நடப்பது.

தென்றல் வீதி:

பணம் மொத்தமாக வருவது அரிது. புறவழிச்சாலை ஓரத்தில் மனை ஒன்றை வாங்கிப் போட்டால் ஐந்து ஆண்டில் இரட்டிப்பாகுமே? கடன் மெல்ல அடையட்டும்.

பேரேடு:

மனை விலை ஆண்டுக்கு 42 விழுக்காடு ஏறும் என்று எழுதிக் கொடுப்பவர் இருந்தால் வாங்கலாம். வேறு பேசுவோம்.

நெல்லிமரத்தடி:

பேரேடு ஐயாவின் கணக்கில் பிழை காண முடியாது. ஆனாலும் ஒரு வரி அதில் விடுபட்டிருக்கிறது. நகைக் கடனை வாங்கியவர் கரும்பலகை ஐயா. நகை அவர் மனைவியுடையது. வங்கி இவருக்குக் கடன் கொடுத்தது ஒருபுறமிருக்க, அந்த அம்மா தம் 16 பவுனை மூன்றாண்டுக்கும் மேலாக வட்டி வாங்காமல் இவருக்குக் கொடுத்திருக்கிறார். மைத்துனரைக் கடன்காரர் பட்டியலில் எழுதிய இவர், மனைவியை எழுதவில்லை.

வட்டி கேட்காதவருக்குக் கடைசியாகக் கொடுப்பது என்பதுதான் நம் வீடுகளில் எழுதாத விதி. கேட்காதவர்களுக்குத் தேவை இல்லை என்று பொருள் அல்ல. அந்த அம்மா மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு விசேஷத்துக்கும் கவரிங் அணிந்துகொண்டு போயிருப்பார். தாலிச் சங்கிலியும் அடகில் இருந்தால் மஞ்சள் கயிற்றோடு நின்றிருப்பார். அக்காள் மகள் திருமணம் என்றால் சபையில் முன்வரிசையில் நிற்க வேண்டியவர். இதை வெறும் மன உணர்ச்சி என்று ஒதுக்கிவிட்டுப் போடும் திட்டம் அந்த வீட்டில் நிலைக்காது. பாதியில் எவராவது ஒருவர் அதை உடைப்பார், உடைப்பதற்கு நியாயமும் இருக்கும்.

எனவே நான் சொல்வது, வட்டி அதிகமானதை முதலில் அடையுங்கள். ஆனால் அப்படிச் செய்வதாக நீங்களே முடிவெடுத்துவிட்டு வீட்டில் அறிவிக்காதீர்கள். மேலே ஐயா எழுதிய ₹9,043, ₹3,150 என்ற இரண்டு எண்களையும் மனைவியிடம் தாளில் எழுதிக் காட்டுங்கள். நகை எந்த மாதம் திரும்பும் என்பதை அவர் சொல்லட்டும். மைத்துனரிடமும் நேரில் போய்ப் பேசுங்கள். அவருக்கே இப்போது வீட்டுக் கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கலாம்.

உரைகல்:

வங்கியில் நகைக் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். இந்த இழையில் எல்லாரும் நகைக் கடனை ஒரே கட்டியாகப் பார்க்கிறீர்கள்: முழுவதும் மீட்பது அல்லது முழுவதும் விட்டுவைப்பது. அப்படி இருக்க வேண்டியதில்லை.

இவர் 2022இல் அடகு வைத்தார். அன்று பவுன் ₹40,000ஐ ஒட்டியிருந்தது. 16 பவுன் என்றால் 128 கிராம். ₹4,20,000 வாங்கியிருக்கிறார் என்றால் கிராமுக்குச் சுமார் ₹3,300 கொடுத்திருக்கிறார்கள். சென்னையில் 2025 அக்டோபரில் பவுன் ₹90,000ஐத் தாண்டியது. கிராம் ₹11,000க்கு மேல். மதிப்பில் 75 விழுக்காடு வரை தரலாம் என்பது நெடுநாளாக இருந்த ரிசர்வ் வங்கி வரம்பு. வங்கிகள் அதைவிடக் குறைத்து, கிராமுக்கு ₹7,000 என்று கணக்கிட்டாலும்கூட, அதே ₹4,20,000க்கு 60 கிராம் போதும். ஏழரைப் பவுன்! மீதி எட்டரைப் பவுன் எந்தக் காரணமும் இல்லாமல் வங்கிப் பெட்டகத்தில் கிடக்கிறது.

அப்படியானால் வங்கியே திருப்பித் தருமா என்றால், தராது. ஒரு பொட்டலத்தில் கட்டி முத்திரை வைத்த நகையைப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் பெரும்பாலான கிளைகளில் இல்லை. முழுத் தொகையையும் கட்டி, நகையை எடுத்து, மறுபடி வைக்க வேண்டும். வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்கவிடாமல் இப்படி மீட்டு மறு அடகு வைக்கச் சொல்வதுதான் சாதாரண மக்களுக்குப் பெரும் தொல்லை. அந்த ஒருநாள் தேவைக்காக வங்கி வாசலிலேயே ஆயிரத்துக்கு இவ்வளவு என்று வசூலித்துப் பணம் புரட்டிக் கொடுப்பவர்கள் உண்டு. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ₹6,85,000 கையில் இருக்கும் இந்த ஒரு வாரம்தான் அதற்கு வாய்ப்பான நேரம். வேறு எந்தக் கடனுக்கும் ஒரு ரூபாய் கொடுப்பதற்கு முன்பு இதைச் செய்யுங்கள்.

அசல் ₹4,20,000, எட்டு மாத வட்டி சுமார் ₹25,000. இரண்டையும் கட்டி, 16 பவுனையும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். உங்கள் மனைவியை உட்காரவைத்து, எது வேண்டும் என்று அவரையே பிரிக்கச் சொல்லுங்கள். ஏழரைப் பவுன் போதும் என்றாலும் பத்துப் பவுனாக வையுங்கள். தங்கத்தின் விலை இறங்கினால் கூடுதல் நகையோ பணமோ கேட்பார்கள். விளிம்பில் வைத்தவர்களுக்குத்தான் அந்த ஓலை வரும். பத்தையும் ஒரே கடனாக வைக்காமல், ஐந்து ஐந்தாக இரண்டு கணக்குகளில் வையுங்கள். இப்படிச் செய்தால் ஒரு கணக்கை முடித்ததும் அந்தப் பொட்டலம் மட்டும் கைக்கு வந்துவிடும். கல் பதித்த நகையை அடகுக்குக் கொடுக்காதீர்கள். கல்லின் எடையைக் கழித்துவிடுவதால் வீட்டில் இருப்பதே மேல்.

கரும்பலகை:

உரைகல் ஐயா, இப்படியொரு வழி இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. 16 பவுனில் தாலிச் சங்கிலி, ஒரு நெக்லஸ், இரண்டு ஜோடி வளையல், ஆரம் ஒன்று அடக்கம். தாலிச் சங்கிலியும் நெக்லஸும் சேர்த்து ஆறு பவுனுக்குள் வரும்.

நெல்லிமரத்தடி அம்மா எழுதியதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். வாசித்து முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, மூன்று வட்டிக்காரரிடம் காசோலை கொடுத்திருப்பதை ஏன் சொல்லவில்லை என்பதுதான். மைத்துனர் மாடி கட்ட வங்கிக் கடன் வாங்கியிருப்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது.

கூட்டல் குறி:

அப்படியானால் இன்னும் ஒரு படி போகலாமே? 16 பவுனுக்குக் கிராம் ₹7,000 என்றால் ஏறத்தாழ ₹9,00,000 கிடைக்கும். ஒன்பது விழுக்காட்டில் அதை வாங்கி, கையிலிருப்பதையும் சேர்த்தால் எல்லாக் கடனும் ஒரே நாளில் தீரும். கையிலும் சில லட்சம் மிஞ்சும். வட்டி அதிகமான கடனை வட்டி குறைவான கடனால் அடைப்பதுதானே அறிவு?

உரைகல்:

தாளில் சரி. நகைக் கடனை உயர்த்தி மூன்று வட்டியை அடைக்க இவருக்கு நிலுவை ஊதியம்கூடத் தேவைப்பட்டிருக்காது. தங்கத்தின் விலை ஏறிய நாளிலேயே செய்திருக்கலாம். வேறு வழி இல்லாதவர்களுக்கு அதை நானே சொல்வேன்.

ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தனிநபர் கடனில் மாதந்தோறும் தவணை கட்டாயம். விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அசல் குறையும். நகைக் கடனில் அந்தக் கட்டாயம் இல்லை. பன்னிரண்டு மாதம் ஒரு ரூபாயும் கட்டாமல் இருந்து, கடைசியில் மொத்தமாக நிற்கலாம். இவருடைய ₹4,20,000 மூன்றாண்டுக்கு மேலாக ஒரு ரூபாய்கூடக் குறையாமல் நிற்பதற்குக் காரணம் அதுதான். தவணைக் கடனை எடுத்து நகைக் கடனுக்குள் போட்டால் வட்டி குறையும், கடன் மட்டும் அசையாமல் உட்கார்ந்துவிடும். மறு அடகு வைக்கும்போது மதிப்பீட்டாளர், “இதற்கு இன்னும் மூன்று லட்சம் தரலாமே” என்பார். அவர் தம் வேலையைத்தான் செய்கிறார். வேண்டாம் என்று சொல்ல நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போக வேண்டும்.

நகைக் கடனில் இடையிடையே எவ்வளவு வேண்டுமானாலும் வரவு வைக்கலாம். மீதி நிலுவைக்கு மட்டும்தான் வட்டி ஓடும். எனவே மாதத் தவணைபோல உங்கள் சம்பளக் கணக்கிலிருந்து பணம் தானாகப் போகும்படி வங்கிக்கு நிலையான உத்தரவு ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். முடித்தபின் நகையைத் திருப்பித் தர ஏழு வேலை நாட்கள் வரம்பு. தாமதம் வங்கியின் தவறென்றால் நாளொன்றுக்கு ₹5,000 இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூன் மாத நெறிமுறைகளில் வகுத்திருக்கிறது. எல்லா நிறுவனங்களும் அதற்கு உட்பட 2026 ஏப்ரல் 1 வரை கெடு வைக்கப்பட்டது.

பழைய பத்திரம்:

நான் ஆவணங்களோடு பழகுபவன். மூன்று வட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, “நோட்டு வீட்டில் எங்கேயோ இருக்கிறது, தேடி எடுத்துத் தருகிறேன்” என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள். முதலில் நோட்டையும் காசோலையையும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். அவை உங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது, அங்கேயே வங்கி வழியாகப் பணத்தை அனுப்புங்கள். நோட்டின் பின்புறம், அசலும் வட்டியும் முழுவதும் பைசல் என்று தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்கி, மூலத்தையே வாங்கிக்கொள்ளுங்கள். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் இருக்கும் உங்கள் கையெழுத்தைக் குறுக்கே அடித்துவிடுங்கள். கிழித்து எறியாமல் பத்திரமாக வைத்திருங்கள்.

ரொக்கம் கூடவே கூடாது. ₹20,000ஐ எட்டும் கடனை ரொக்கமாகத் திருப்பிக் கொடுப்பதை வருமான வரிச் சட்டமே அனுமதிப்பதில்லை. மைத்துனருக்குக் கொடுப்பதற்கும் இது பொருந்தும். மேலும், புரோநோட்டின் வழக்குக் காலம் மூன்று ஆண்டு என்றாலும், பின்புறம் எழுதிக் கையெழுத்திட்ட ஒவ்வொரு வரவிலிருந்தும் அது புதிதாகத் தொடங்கும் என்பதால், “பழைய நோட்டுத்தானே, காலாவதியாகியிருக்கும்” என்று இருந்துவிட முடியாது. வெற்றுக் காசோலையோ அதைவிட ஆபத்து. செக் பவுன்ஸ் வழக்கில் கையெழுத்து உங்களுடையது என்பதே உங்களுக்கு எதிராக நிற்கும். காசோலை திரும்ப வராவிட்டால், அந்த எண்ணுக்குப் பணம் தர வேண்டாம் என்று வங்கிக்கு எழுத்தில் கொடுத்துவிட்டு, பணம் செலுத்திய சான்றுடன் அவருக்கு விரைவு அஞ்சலில் (ஸ்பீடு போஸ்ட்) கடிதம் அனுப்புங்கள்.

அவர் பைசல் செய்ய மறுத்தாலோ, வட்டிக்கு வட்டி என்று புதுக்கணக்குச் சொன்னாலோ, தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் இருக்கிறது. பணத்தை நீதிமன்றத்தில் கட்டிக் கடன் தீர்ந்ததாகப் பதிவு கேட்கவும் அதில் வழி உண்டு. பெரும்பாலும் அதுவரை போகத் தேவையிருக்காது. வழி இருக்கிறது என்று தெரிந்து பேசுபவரிடம் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

பேரேடு:

உரைகல் ஐயா சொன்ன வழி என் கணக்கைவிட மேல். மிச்சமுள்ள சிலவற்றைச் சேர்க்கிறேன்.

தனிநபர் கடனை முன்கூட்டியே முடிக்கக் கட்டணம் கேட்பார்கள். நான்கு விழுக்காடும் ஜிஎஸ்டியும் என்றால் ₹12,272. அதைக் கண்டு பின்வாங்க வேண்டாம்: இன்னும் சுமார் 36 தவணைகள் இருக்கின்றன, அவற்றில் வட்டியாக மட்டும் ஏறத்தாழ ₹73,000 போகும். ஒப்பந்தத்தில் விகிதம் என்ன என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்டுக்கு, மாதப் பட்டியலில் இருக்கும் தொகையைக் கட்டிவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள். பட்டியல் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அடுத்த மாதம் தனியாக வரும். சில நூறு ரூபாய்தான், அதைக் கவனிக்காமல் விட்டால் தாமதக் கட்டணம் சேரும். குறைத்துக் கட்டி ‘செட்டில்மென்ட்’ செய்துகொள்ளலாம் என்று தொலைபேசியில் ஆசை காட்டினால் ஏற்காதீர்கள். முழுத் தொகை கையில் இருக்கும்போது, கடன் அறிக்கையில் அந்தச் சொல்லை ஆண்டுக்கணக்கில் சுமக்க வேண்டியதில்லை.

வரியையும் பாருங்கள். பல ஆண்டுகளின் ஊதியம் ஒரே ஆண்டில் வந்ததால் உயர்ந்த வரி விகிதத்தில் பிடித்திருப்பார்கள். எந்தெந்த ஆண்டுக்குரியதோ அந்தந்த ஆண்டில் வந்திருந்தால் எவ்வளவு வரி என்று கணக்கிட்டு வித்தியாசத்தை நிவாரணமாகப் பெறலாம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 89ஆம் பிரிவு. அதற்குரிய படிவத்தை (அந்தச் சட்டத்தில் 10இ) இணையத்தில் தாக்கல் செய்த பிறகே வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். படிவத்தை விட்டுவிட்டு நிவாரணத்தை மட்டும் கோரினால் மறுத்து அறிவிப்பு அனுப்புவார்கள். ஆண்டுவாரியான நிலுவைப் பட்டியலைப் பள்ளி அலுவலகத்தில் இப்போதே வாங்கிவையுங்கள். திரும்பி வரும் தொகையை இன்றைய திட்டத்தில் சேர்க்காதீர்கள். பிடித்தம் குறைவாக இருந்திருந்தால் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும்.

கரும்பலகை:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு மனைவியும் நானும் உட்கார்ந்து எழுதியது இது.

நாளை நகை முழுவதையும் மீட்கிறோம். தாலிச் சங்கிலி, நெக்லஸ் உட்பட ஆறு பவுன் வீட்டில் இருக்கும். மீதி பத்துப் பவுனை இரண்டு கணக்குகளில் ₹4,20,000க்கு மட்டும் திரும்ப வைக்கிறோம். பழைய வட்டி போக ₹6,60,000 கையில் நிற்கும். கார்டுக்கும் மூன்று வட்டிக்கும் ₹2,60,000. தனிநபர் கடனுக்குக் கட்டணத்தோடு ஏறத்தாழ ₹2,72,000. மீதி ₹1,28,000இல் மைத்துனருக்கு ₹75,000; ₹53,000 எதிலும் தொடாமல் தனிக் கணக்கில்.

இந்தக் கடைசித் தொகையில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். முழு ₹1,28,000ஐயும் மைத்துனருக்கே கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே கார்டை எடுப்பீர்கள் என்றார் மனைவி. அதற்கு என்னிடம் பதில் இல்லாததால் ₹53,000 தங்கிவிட்டது. இதுவரை கார்டு, வட்டி, தவணை என்று மாதம் ₹19,300 போய்க்கொண்டிருந்தது. இனி அதில் ₹12,500 மைத்துனருக்கு, பத்து மாதம். ₹6,800 நகைக் கணக்குக்கு. மைத்துனரின் பாக்கி தீர்ந்தபின் முழுவதும் நகைக்கு. மைத்துனரிடம் இதைச் சொன்னபோது, இவ்வளவு அவசரம் என்ன என்றார். ஆனால் தம் வங்கிக் கணக்கு எண்ணை உடனே அனுப்பிவிட்டார்.

திருமணச் செலவுக்கு என்று தனியாக எதையும் ஒதுக்கவில்லை. மொய்யும் புடவையும் அந்த மாதச் சம்பளத்தில்.

நெல்லிமரத்தடி:

மறு அடகு ரசீது உங்கள் பெயரில் இருக்கும். எந்தெந்த நகை எவ்வளவு எடை என்ற பட்டியலின் நகல் ஒன்றை உங்கள் மனைவியிடமும் கொடுத்துவையுங்கள், ஐயா.

பழைய பத்திரம்:

தனிநபர் கடனுக்கு நிலுவையில்லாச் சான்றை எழுத்தில் வாங்குங்கள். தவணை பிடிக்க வங்கிக்குக் கொடுத்திருக்கும் ஒப்புதலையும் ரத்து செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முடிந்த கடனுக்கு அடுத்த மாதமும் ₹9,300 பிடித்துவிட்டு, திருப்பித் தர அலையவிடுவார்கள். ஓரிரு மாதம் கழித்து இலவசக் கடன் அறிக்கையை எடுத்து, கார்டும் தனிநபர் கடனும் நிலுவை இல்லை என்று காட்டுகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.